மூணாறு ட்ரிப் பிளானா? இரவிகுளம் பார்க் பிப்ரவரி, மார்ச்சில் ஏன் மூடியிருக்கு?

ரூம் போட்டாச்சு, வண்டி பேசியாச்சு. மூணாறு போய் இறங்கினால் ‘பார்க் குளோஸ்’ என்கிறார்கள். வருஷம் தவறாமல் பிப்ரவரி, மார்ச்சில் பலருக்கும் நடக்கிற கதை இது. இரவிகுளம் தேசியப் பூங்கா அந்த இரண்டு மாதம் பொதுவாகப் பார்வையாளர்களுக்குக் கிடையாது. காரணம், வரையாடுகள் குட்டி போடும் சீசன்.

வரையாடு நம்ம மாநில விலங்குதான். ஆனால் உலகத்திலேயே அது அதிகமாக ஓரிடத்தில் வாழ்வது கேரளாவின் இந்த 97 சதுர கிலோமீட்டரில். ஒரு பெண் ஆடு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். புல்வெளியில் நிற்கும் அந்தக் குட்டிக்குச் சிறுத்தை, செந்நாய் என்று ஏற்கெனவே ஏகப்பட்ட எதிரிகள். இதில் செல்ஃபி எடுக்க நாமும் கிட்டப் போய், தாய் மிரண்டு ஓடினால் குட்டி தனியாகிவிடும். அதனால்தான் கதவைச் சாத்துகிறார்கள். திறக்கும் தேதி சில வருஷம் முன்னே பின்னே ஆகும் என்பதால், கேரள வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ரூம் போடுவது நல்லது.

ஒருகாலத்தில் இது தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. முதுவர் பழங்குடியினர்தான் காவலுக்கு இருந்தார்கள். 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது.

சரி, எப்போ போகலாம்? என்னைக் கேட்டால் ஏப்ரல். பூங்கா திறந்த புதிது, தாயோடு திரியும் குட்டிகளைப் பார்க்கலாம். ஆனால் ஸ்கூல் லீவு தொடங்கிவிட்டால் கூட்டம் அள்ளும். ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியுமாக இருக்கும், பத்தடி தள்ளி ஆடு நின்றாலும் தெரியாது. டிசம்பரில் வானம் தெளிவு, குளிர் கடுமை. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீங்க.

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக வருபவர்களுக்கு மூணாறு டவுனுக்கு முன்பே பூங்கா நுழைவு வந்துவிடும். தேனிக்காரர்களுக்கு போடிமெட்டு வழி. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இ-பாஸ் வேணுமா என்று கேட்கிறவர்கள் நிறைய. மூணாறுக்கு அது கிடையாது.

டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். சொந்த வண்டி உள்ளே போகாது, வனத்துறை பஸ்தான் ராஜமலைக்கு ஏற்றிப் போகும். அங்கிருந்து ஏற்றமான தார் ரோட்டில் நடை. முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஆடுகள் ரோட்டோரமாகவே மேய்வதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். ஆள் பழகியவை, பயப்படாது. அதற்காகத் தொடுவதும் பிஸ்கட் நீட்டுவதும் கூடாது. பிளாஸ்டிக்குக்கும் தடை.

ரொம்பப் பேர் ஏமாறும் இன்னொரு விஷயம், ஆனைமுடி. 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் உயரமான சிகரம். கண்ணால் பார்க்கலாம், ஏற முடியாது. சாதாரண டிக்கெட்டுக்கு அனுமதி இல்லை.

நீலக்குறிஞ்சி இப்போ பூக்குமா என்றால், இல்லை. 2006, 2018 என்று 12 வருஷக் கணக்கு. அடுத்தது 2030.