வெள்ளெழுத்து

வெள்ளெழுத்து என்பது நாற்பது வயதையொட்டி அருகிலுள்ள பொருள்கள் மங்கலாகத் தெரியத் தொடங்கும் பார்வை மாற்றமாகும். தொலைவில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியும். கையிலிருக்கும் பயணச்சீட்டைப் படிக்க முடியாது. இது நோயன்று. நரையைப் போல, அந்த வயதை எட்டும் எல்லோருக்கும் வருவது. மருத்துவத்தில் இதைப் பிரஸ்பயோபியா என்பர். முதியவர், கண் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தது அப்பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, உலகில் சுமார் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருப்பதாகவும், அவர்களில் 82 கோடிக்கும் மேற்பட்டோர் தகுந்த கண்ணாடி இல்லாமல் இருப்பதாகவும் கூறுகிறது.

பெயர்கள்

எழுத்து கறுப்பாகத் தெரியாமல் வெளிறிக் கலங்கித் தெரிவதால் தமிழில் வெள்ளெழுத்து என்ற பெயர் வந்தது. பழைய தலைமுறையினர் சாளேசுரம் அல்லது சாளேஸ்வரம் என்பார்கள். இது நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. கன்னடத்தில் இதையே சாளீசு என்கிறார்கள். தெலுங்கில் சத்வாரம் என்பதும் நாற்பதோடு தொடர்புடைய சொல்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் ஒரே தெருவில் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் கேட்கலாம்.

மற்ற மொழிச் சொற்கள் வயதைச் சொல்கின்றன. வெள்ளெழுத்து என்ற சொல் மட்டும் எழுத்தைச் சொல்கிறது. அழகான சொல்தான், ஆனால் அதனால் ஒரு தீங்கும் நேர்ந்திருக்கிறது. கண்ணாடியைப் 'படிக்கிற கண்ணாடி' என்று அழைக்கப் போய், படிக்காதவர்களுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. "நான் என்ன பேப்பரா படிக்கப் போறேன்?" என்று கேட்டுக் கண்ணாடியைத் தள்ளிவைக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு.

கண்ணுக்குள் நடப்பது

கேமராவில் அருகிலுள்ள பொருளைத் தெளிவாக்க லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். கண் அப்படிச் செய்வதில்லை. தன் லென்சின் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. லென்சைச் சுற்றி வளையமாகச் சிலியரித் தசை இருக்கிறது. அது சுருங்கும்போது லென்சைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் தளர்கின்றன. லென்ஸ் தன் இயல்பான நெகிழ்ச்சியால் தடித்து, அதன் குவிக்கும் திறன் கூடுகிறது. இந்த விளக்கத்தை 1855இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்வைத்தார். பள்ளிப் பாடநூல்கள் இதை விழி ஏற்பமைவுத் திறன் என்கின்றன.

லென்ஸ் வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. புதிய இழைகள் வெளிப்புறம் சேரச் சேர, பழையவை உள்ளே நெருங்கி இறுகுகின்றன. தசை சுருங்கினாலும், இறுகிய லென்ஸ் முன்போலத் தடிப்பதில்லை. ஆகவே வெள்ளெழுத்துக்கு முக்கியக் காரணம் தசையின் சோர்வு அன்று, லென்சின் விறைப்பு. கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து இதைப் போக்கிவிடலாம் என்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹோஃப்ஸ்டெட்டர் என்பவரின் வாய்பாட்டின்படி, சராசரி ஏற்பமைவுத் திறன் 18.5 டயாப்டரிலிருந்து வயதின் 0.3 மடங்கைக் கழித்தால் கிடைப்பது. பத்து வயதில் 15.5 டயாப்டர். நாற்பதில் 6.5, நாற்பத்தைந்தில் 5, ஐம்பதில் 3.5. ஒரு பொருளை 40 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்க 2.5 டயாப்டர் வேண்டும்; 30 செ.மீ. என்றால் சுமார் 3.3. அப்படியானால் நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் சிரமமே இருக்கக்கூடாதே என்று தோன்றும். ஆனால் இருக்கும் திறன் முழுவதையும் செலவிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் வேலை செய்ய முடியாது. பாதியையாவது கையிருப்பாக வைத்தால்தான் கண் வலிக்காது. 5இல் பாதி 2.5. எனவே கையை நீட்டிச் செய்தித்தாள் படிப்பவருக்கு நாற்பத்தைந்து வரை ஓடும். துணியை 30 செ.மீ.க்குள் வைத்துத் தைப்பவருக்கோ நாற்பதிலேயே கண் கூசும், தலை வலிக்கும். வயது ஒன்றாக இருந்தாலும் வேலையைப் பொறுத்து வெள்ளெழுத்து முன்பின்னாக உணரப்படுவது இதனால்தான்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. நல்ல வெயிலில் கண்மணி சுருங்குகிறது. சிறு துளை வழியே வரும் ஒளிக்குத் தெளிவு அதிகம். திண்ணைக்கு வந்து அரிசியில் கல் பொறுக்குவதும், மாத்திரை அட்டையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்தவர்களின் வழக்கம். மாலையில் அதே ஆள் தடுமாறுவார்.

கையால் செய்யும் வேலைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள கல்லாவி போன்ற ஊர்களில் வெள்ளெழுத்து எதையெல்லாம் பறிக்கிறது என்று பார்த்தால், அந்தப் பட்டியலில் புத்தகம் கடைசியில்தான் வரும். ஊசியில் நூல் கோப்பது, புளியில் கொட்டையும் நாரும் எடுப்பது, பூத் தொடுப்பது, பயறில் பூச்சி பார்ப்பது, இலையின் அடிப்பக்கத்தில் செடிப்பேன் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது, குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுப்பது. இவை எதற்கும் எழுத்தறிவு தேவையில்லை. எல்லாவற்றுக்கும் கிட்டத்துக் கண் தேவை.

சிலவற்றில் ஆபத்தும் இருக்கிறது. பூச்சிமருந்துப் புட்டியில் நச்சின் கடுமையைக் காட்டும் வண்ணக் குறி பெரிதாக இருக்கும். ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்பது பொடி எழுத்தில் இருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் சிரிஞ்சின் நெருக்கமான கோடுகளை எண்ண வேண்டும். இரண்டு கோடு தப்பினால் வெள்ளெழுத்தின் விலை வேறாகிவிடும்.

தொழிற்சாலைகளில் இது வேறு வடிவம் எடுக்கிறது. ஒரு தொழில் நகரத்தின் ஆட்கள் சேர்ந்தே மூப்படைகிறார்கள். ஓசூரில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை போன்றவை எழுந்த 1980களின் பிற்பகுதியில் இருபது வயதில் வேலைக்குப் போனவர்கள், 2010க்குள் நாற்பதைக் கடந்துவிட்டார்கள். பொருத்துதல், பழுது பார்த்தல், தரம் சோதித்தல் என்று கண்ணை நம்பிய வேலைகளில் வெள்ளெழுத்து முதலில் 'வேகம் குறைஞ்சிடுச்சு' என்றுதான் வெளியே தெரியும். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று மேற்பார்வையாளர் நினைப்பாரோ என்ற அச்சத்தில் அதை மறைப்பவர்களும் உண்டு. மறைப்பதால் குறைவது வேலைதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனேயும் மற்றதற்கு ஆய்வு முடிந்த பின்னரும் கண்ணாடி கொடுத்தார்கள். பருவத்தின் போக்கால் இரு குழுக்களின் பறிப்பும் கூடியது. ஆனால் கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாகப் பறித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் வேறுபாடு இன்னும் பெரிது. 2018இல் வெளியான இந்த ஆய்வில் யாரும் ஓர் எழுத்தைக்கூடப் படிக்கவில்லை, கொழுந்துதான் கிள்ளினார்கள். வங்கதேசக் கிராமங்களில் தையல்காரர், கைவினைஞர் முதலிய 824 பேரிடம் நடந்து 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், எட்டு மாதத்தில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது.

கண்ணாடி வந்த வழி

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. முதலில் செய்யப்பட்டவை வெள்ளெழுத்துக்கான குவிலென்சுகளே. கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ் பின்னால்தான் வந்தது. நம் பக்கத்தில், விஜயநகர அரசில் மதிப்புப் பெற்றிருந்த வியாசராயர் கண்ணாடி கொண்டு சுவடி படித்ததாக, 16ஆம் நூற்றாண்டில் சோமநாதர் எழுதிய அவருடைய சரிதம் குறிப்பிடுகிறது. போர்ச்சுகீசியர் வழியாக அது வந்திருக்கலாம் என்பர். மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்கும் என்றமைந்த இரட்டைக் கண்ணாடியைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

கண்ணாடியும் பழக்கமும்

வெள்ளெழுத்துக்குப் பிளஸ் பவர் தேவை. நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00 அளவில் தொடங்கி, ஐம்பதில் +2.00ஐ நெருங்கி, அறுபதை ஒட்டி +2.50 அளவில் நின்றுவிடுவது வழக்கம். கண்ணாடி போடப் போடப் பவர் ஏறும் என்ற பேச்சில் உண்மையில்லை. ஏறுவது வயதால், போடாமல் இருந்தாலும் அதே வேகத்தில்தான் ஏறும்.

கண்ணாடி வாங்கப் போகும்போது வயதைவிட முக்கியமாகச் சொல்லவேண்டியது, வேலைக்கான தொலைவு. தையல் எந்திரம், கைப்பேசி, கணினித் திரை மூன்றும் மூன்று தொலைவில் இருக்கின்றன. 30 செ.மீ.க்குப் பொருந்தும் பவரைப் போட்டுக்கொண்டு 60 செ.மீ.யில் உள்ள திரையைப் பார்த்தால் கழுத்தை முன்னே நீட்ட வேண்டிவரும். சில வாரங்களில் கழுத்து வலிக்கு மருத்துவரைத் தேடுவார். நூல், புளி, கைப்பேசி எதுவானாலும், தான் பார்க்க வேண்டிய பொருளைக் கையோடு கொண்டுபோய், அது தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த பவரைத் தேர்வது நல்லது.

+2.00 கண்ணாடி போட்டால், ஏற்பமைவு தீர்ந்த கண்ணுக்கு அரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கும். அதோடு எழுந்து நடப்பதும் வண்டி ஓட்டுவதும் கூடாது. அடிக்கடி கழற்றி மாட்டச் சலிப்பவர்களுக்குப் பைஃபோக்கல் உண்டு. அதில் படியிறங்கும்போது கண் கீழ்ப்பகுதி வழியே பார்க்கும், படி கலங்கும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியே படியைப் பார்க்கப் பழக வேண்டும். கோடு தெரியாத புரோகிரெசிவ் லென்சில் பக்கவாட்டுப் பார்வை முதலில் நெளியும். ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து போட்டால் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். ஒருநாள் போட்டு மறுநாள் பெட்டியில் வைப்பவருக்குப் பழகாது.

முன்பே கிட்டப்பார்வை உள்ளவர்கள், அதாவது மைனஸ் பவர் போடுபவர்கள், படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றினாலே போதும் என்பது பலருக்கு இனிய வியப்பு.

பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை இழிவாகப் பேசத் தேவையில்லை. இரு கண்ணுக்கும் ஒரே பவர் பொருந்துகிறவர்களுக்கு அது வேலை செய்யும். மேற்சொன்ன ஆய்வுகள் காட்டுவதும் எளிய கண்ணாடியின் பயனைத்தான். இரு கண்ணுக்கும் வேறுபாடோ பார்வைச் சிதறலோ இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அதைவிடப் பெரிய குறை, அது கண் சோதனையைத் தவிர்க்கச் செய்துவிடுகிறது. கண் அழுத்த நோய் வலியில்லாமல் ஓரப் பார்வையை அரிக்கும். சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் கேடும் தொடக்கத்தில் தெரியாது. இரண்டும் நாற்பதுக்குப் பின் தேடிப் பார்க்கவேண்டியவை. கண்ணாடிக்காகவாவது மருத்துவமனைக்கு வருபவரிடம் இவை பிடிபட வாய்ப்புண்டு. 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில், வெள்ளெழுத்துள்ள முதியோருக்கு இலவசக் கண்ணாடி தருவதும் இப்போது இடம்பெற்றிருக்கிறது. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் கேட்டறியலாம்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்சின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்துப் பார்த்துப் போடும் கண்ணாடிதான் நிலைக்கும்.

எண்பது வயதிலும் கண்ணாடியில்லாமல் ஊசி கோக்கும் பாட்டியை எல்லோரும் வியப்பார்கள். இளமையிலிருந்தே சிறிது கிட்டப்பார்வை உள்ளவராக அவர் இருக்கலாம். இடையில் கண்ணாடி போட்டிருந்தவர் திடீரென்று 'இப்ப நல்லா தெரியுது' என்று கழற்றி வைத்தால், அது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். லென்சின் நடுப்பகுதி அடர்ந்து கண்ணைக் கிட்டப்பார்வைக்குத் தள்ளுகிறது. மகிழ்ச்சியோடு விட்டுவிடாமல் கண்ணைக் காட்ட வேண்டும்.

கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லும் சொட்டுமருந்துகளும் வந்திருக்கின்றன. பைலோகார்பைன் என்ற பழைய மருந்து கண்மணியைச் சுருக்கி, வெயிலில் கிடைக்கும் அதே தெளிவைச் சில மணி நேரம் தருகிறது. லென்சின் விறைப்பை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் 2021இல் இதற்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2024 செப்டம்பரில் இத்தகைய ஒரு மருந்து பெரும் விளம்பரத்தோடு அறிவிக்கப்பட்டது. அனுமதியில் இல்லாத பயன்களைச் சொல்லி விளம்பரம் செய்ததாகக் கூறி, அடுத்த சில நாட்களிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. கண்மணி சுருங்குவதால் இரவில் வெளிச்சம் குறைந்து தெரியும், தலைவலியும் வரலாம். இரவுப் பணி முடித்து வண்டியில் வீடு திரும்புகிறவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத மருந்து இது.