காட்டரணும் கரையோர மக்களும்

1626ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பட்டினங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, அவர்களுள் 4000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்திலே குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைறோஸ் எழுதிவைத்திருக்கிறார். அக்காலத்து மட்டக்களப்பு என்பது இன்றைய கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களையும் தன்னுள் அடக்கியிருந்த நெடிய நிலப்பரப்பு. அதிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். முஸ்லிம்கள் செனரத்தின் காலத்துக்கு முன்னரே இக்கரையில் வாழ்ந்தவர்கள் எனினும், செனரத்தின் இச்செயலை நம்மவர் நன்றியோடு நினைவுகூர்வது வழக்கம். அந்நன்றி முற்றிலும் தகும். ஆயினும் அதனைக் கருணை என்று மட்டும் கொள்வோமாயின் அம்மன்னனின் மதிநுட்பத்தைக் குறைத்து மதித்தவர்களாவோம். பறங்கியர் கையால் வீடுவாசல் இழந்து, அவர்களோடு இனி ஒருபோதும் இணங்கிப் போக இயலாத ஒரு சமூகத்தைத் தன் இராச்சியத்தின் கிழக்கு வாயிலிலே உழவராகவும் வணிகராகவும் அமர்த்தியதில் ஆழ்ந்த ராஜதந்திரம் அடங்கியிருந்தது என்பது என் துணிபு.

வல்லரசு ஒன்றைப் போர்க்களத்திலே வென்று அடக்கும் சக்தி சிறிய நாட்டுக்கு இல்லை. அதனால் இயன்றதெல்லாம், இந்நாட்டைப் பிடிப்பதால் வரும் லாபத்தைவிடப் பிடிப்பதற்கும் பிடித்து வைத்திருப்பதற்கும் ஆகும் நஷ்டமே மிகுதி என்ற எண்ணத்தை, படை புறப்படுமுன்னரே பகைவனின் நெஞ்சிலே பதித்துவிடுவதுதான். தடுப்பாற்றல் என்று இன்றைய அரசியல் நூலோர் பெயரிட்டு விரிக்கும் உபாயத்தின் சாரம் இவ்வளவே. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே சுவிற்சர்லாந்து ஆல்ப்ஸ் மலைகளுக்குள் அரண் அமைத்து, சுரங்கப் பாதைகளையும் பாலங்களையும் வேண்டும்போது தகர்த்துவிட ஆயத்தமாக வைத்திருந்ததும், 1965இல் தனிநாடான சிங்கப்பூர் 1967இலேயே கட்டாய இராணுவ சேவையைச் சட்டமாக்கியதும் இந்த உபாயத்தின் அண்மைக்கால வடிவங்கள். நீரும் நிலமும் மலையும் காடும் அரணாகும் என்று வள்ளுவர் வகுத்தார். அவற்றுள் மலையையும் காட்டையும் கண்டி மன்னர்கள் கையாண்ட விதம் சற்று நின்று நோக்கத் தக்கது.

1660இல் சிறைப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கழித்த ஆங்கிலேயர் றொபட் நொக்ஸ், தாம் கண்ணாரக் கண்டதை எழுதியிருக்கிறார். நாட்டிலே ஒற்றையடிப் பாதைகளே இருந்தன. அவற்றை அகலமாக்கலாகாது என்பது அரச சித்தம். பாதையை மறித்து முட்கதவுகள் நின்றன. அவற்றைக் காவலர் இரவும் பகலும் காத்தனர். குழப்பமான காலங்களில் அக்கதவைக் கடக்க விரும்புபவன், அதிகாரி கொடுத்த களிமண் முத்திரையைக் காட்டவேண்டும். போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவமும், கூலியாளுக்கு இருபுறமும் பொதி தொங்கக் காவடித்தடி சுமந்தவனின் உருவமும் அதிலே பதிந்திருக்கும். எழுத்தறியாத காவலனும் ஒரு பார்வையிலே வந்தவன் யாரென்று அறிந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

பீரங்கி இழுத்துவரும் சேனை இத்தகைய பாதையிலே ஒருவர்பின் ஒருவராய் நீண்டு போகவேண்டியிருந்தது, உணவும் மருந்தும் பின்தங்கின, காய்ச்சல் பற்றிக்கொண்டது. மன்னனோ தலைநகரை வெறுமையாக விட்டுக் காட்டுக்குள் மறைந்து, களைத்துத் திரும்பும் படையை வழியிலே மடக்கினான். 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவலையிலும், 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. ஒவ்வொரு வெற்றியும் அடுத்து வரநினைத்தவனுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாயிற்று.

ஒரு வல்லரசுக்கு எதிராக மற்றொன்றை நிறுத்தும் முயற்சி இவ்வளவு நன்மை பயக்கவில்லை. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பிலே கரையிறங்கி, பிந்தென்னை வழியாகக் கண்டிக்குச் சென்று அப்போதைய மன்னனைக் கண்ட நாள்முதல் அந்த உறவு வளர்ந்தது. 1638 மே மாதம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றினர். ஆனால் பிடித்த கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மாத்திரமே ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற நிபந்தனை பற்றி இரு தரப்பினரின் உடன்படிக்கைப் பிரதிகளும் ஒத்திருக்கவில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் அதனைச் சொல்வர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, மலைநாட்டுக்குப் போகும் உப்பும் கருவாடும் அந்நியன் தயவிலே தங்கின. அவற்றைச் சுமந்து சென்ற நம் கரையின் பொதிமாட்டுத் தவளங்கள் வெறும் வியாபாரச் சாதனங்கள் அல்ல, அந்த இராச்சியத்தின் உயிர்நாடி என்பது அப்போது விளங்கிற்று.

அப்படியிருந்தும் 1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயப் படை, காய்ச்சலாலும் பட்டினியாலும் நலிந்து, ஜூன் மாதத்திலே சரணடைந்து மாண்டது. ஆயுதத்தால் ஆகாததை வேறு வழியால் முடிக்கலாம் என்பதைச் சிங்களம் கற்றுத் தேர்ந்த ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொயிலி நன்குணர்ந்தார். மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனோடு மனம் கசந்திருந்த பிரதானிகளுடன் பொறுமையாக ஓலைத் தொடர்பு வளர்த்தார். 1814இல் அப்பிரதானிகளுள் ஒருவனான எஹெலபொல ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தான். 1815இல் வந்த படை பெரும் போர் ஏதுமின்றித் தலைநகரை அடைந்தது. மார்ச் 2ஆம் திகதி கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது.

காடும் மலையும் அன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைக் காக்கும் மனம் படைத்தவர்கள்தாம் விலகிப் போயினர். அகதியாய் வந்தவனுக்கும் நிலம் கொடுத்துத் தன்னவனாக்கிய செனரத்தின் வழியிலிருந்து ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வெகுதூரம் விலகியிருந்தான். தன் பிரதானிகளையே பகைவரிடம் துரத்தியவனை எந்த அரணும் காத்திராது. அரண் என்பதன் மதிப்பை வெற்றி பெற்றவர்களும் அறிந்தேயிருந்தனர்: 1820களிலே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தலைமேற்கொண்டு முடித்த பெருவேலை, கொழும்பிலிருந்து கண்டிக்கு அகலமான வண்டிப்பாதை வெட்டியதாகும்.