உஷார்! செர்னோபில் இன்னும் முடியவில்லை

உக்ரைனின் செர்னோபில் அணு உலை விபத்தை 1986-ஓடு முடிந்துபோன கதை என்று நினைப்பவர்கள் கவனிக்க. 2025 பிப்ரவரி 14 அதிகாலை அங்கே ஒரு டிரோன் வந்து மோதியது. மோதிய இடம், வெடித்த 4-ஆம் உலையை மூடி நிற்கும் எஃகுக் கூரை. 36,000 டன் எடை, நூறு ஆண்டு தாங்கும் என்று 2016-இல் தண்டவாளத்தில் நகர்த்தி நிறுத்தினார்கள். ஒன்பது ஆண்டு நிறைவதற்குள் ஓட்டை! கதிரியக்கத்தை உள்ளேயே அடைத்து வைக்கும் திறனை அது இழந்துவிட்டதாக அந்த டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையே சொல்லிவிட்டது. வெளியே கதிரியக்க அளவு கூடவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே கிடப்பது உருகி உறைந்த எரிபொருள், சுமார் 200 டன். அதோடு ஒரு மனிதரும் இருக்கிறார்: பம்பை இயக்கிய ஊழியர் வலேரி ஹோடெம்சுக். 1986 ஏப்ரல் 26 பின்னிரவில் இடிபாட்டில் புதைந்தவர். உடலை இன்றுவரை எடுக்க முடியவில்லை.

அன்றிரவு இறந்தவர்கள் இரண்டு பேர். கதிர்வீச்சு நோயால் சில மாதங்களுக்குள் இறந்த தீயணைப்பு வீரர்களும் ஊழியர்களும் 28 பேர். சுத்தம் செய்யப் போனவர்கள் சுமார் ஆறு லட்சம். அவர்களில் எத்தனை பேரை அந்த வேலை கொன்றது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்குவது வேறொன்று. பால்.

உலையிலிருந்து பறந்த அயோடின்-131 புல்லில் படிந்தது. புல்லைத் தின்ற பசுவின் மடிக்கு வந்தது. அங்கிருந்து குழந்தையின் தைராய்டுக்கு. எட்டு நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும் சரக்கு அது. சில வாரம் அந்தப் பாலைக் குடிக்காதே என்று உடனே சொல்லியிருந்தால் போதும். சோவியத் அரசு சொல்லவில்லை. பிரிப்யாத் நகரின் 49,000 பேரை வெளியேற்றவே ஒன்றரை நாள் ஆயிற்று. 28-ஆம் தேதி சுவீடன் அணுமின் நிலையம் ஒன்றில் கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்த பிறகுதான் மாஸ்கோ வாய் திறந்தது. அதன் பிறகும் மே தின ஊர்வலத்துக்குக் கீவ் தெருவில் பிள்ளைகள் அணிவகுத்தார்கள்! போலந்து காத்திருக்கவில்லை. 29-ஆம் தேதியே தொடங்கி, ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் மருந்து புகட்டியது. உக்ரைன், பெலாரஸ், பாதிக்கப்பட்ட ரஷ்யப் பகுதிகளில் அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய். அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால்தான் காரணம் என்கிறது ஐ.நா. விஞ்ஞானக் குழு. பெரும்பாலோர் பிழைத்தார்கள், கழுத்தில் தழும்போடும் ஆயுளுக்கும் மாத்திரையோடும்.

அயோடின் போய்விட்டது. அதோடு பறந்த சீசியம்-137 போகவில்லை, அது பாதியாகவே முப்பது ஆண்டு பிடிக்கும். அது படிந்த செர்னோபில் மண் கிளறப்படும்போதெல்லாம் பயம்தான்: 2020-இல் காட்டுத்தீ, 2022-இல் அங்கேயே பதுங்குகுழி வெட்டிய ரஷ்யச் சிப்பாய்கள்.

இன்னொரு உஷார், வாட்ஸ்அப் வைத்தியர்களுக்கு. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் வெடித்தபோது, கழுத்தில் பெட்டாடைன் பூசினால் தப்பிக்கலாம் என்று குறுஞ்செய்தி பறந்தது. சீனாவில் அயோடின் உப்புக்குக் கடை கடையாக அடிதடி. இரண்டாலும் பயனில்லை. பெட்டாடைன் புண்ணுக்குப் போடுவது, குடித்தால் விஷம். காப்பது பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. அதுவும் தைராய்டை மட்டும்தான், சீசியத்தை அது தொடாது. சுகாதாரத் துறை சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் மட்டுமே விழுங்க வேண்டும். அணு விபத்து நேர்ந்தால், ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை ஜன்னலைச் சாத்துங்கள், கறந்த பாலையும் கீரையையும் தொடாதீர்கள்.