தாதியின் செவி

புற்றுநோய் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நோயாளியின் உள்ளம் நடுங்குகின்றது. உடலின் நோய்க்கு மருந்து உண்டு. உள்ளத்தின் நடுக்கத்திற்கு மருந்து யாது? தாதியின் பரிவே என்போம்.

பரிவு என்பது இன்சொல் மட்டுமன்று. பொறுமையோடு கேட்டலே அதன் உயிர்நாடி. இதனை உலகிற்கு உணர்த்தியவர் இங்கிலாந்தின் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் (1918-2005). இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாதியாகப் பயின்ற அவர், முதுகு உபாதையினால் அப்பணியை விடுத்து வைத்தியசாலைச் சமூக ஊழியரானார். 1948 ஆம் ஆண்டில் இலண்டனில் டேவிட் தாஸ்மா என்னும் போலந்து யூத அகதி, புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கிக் கிடந்தார். அம்மையார் அவர் அருகமர்ந்து அவர் மனக்குறைகளைக் கேட்டார். இத்தகையோருக்கென ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டனர். அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாக விளங்கவேண்டும் எனக் கூறி, தாஸ்மா 500 பவுணை விட்டுச் சென்றார்.

அம்மையார் மருத்துவம் பயின்று 1957 இல் வைத்தியரானார். நோவு தலைதூக்கிய பின்னரன்றி, அதற்கு முன்னரே உரிய நேரந்தோறும் மோர்பின் கொடுக்கும் முறையைப் பரப்பினார். நோவு உடலில் மட்டும் இல்லை. அச்சம், தனிமை, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகியனவும் அதில் கலந்துள்ளன என்று கண்டு, அதனை 'முழுநோவு' என்றார். 1967 இல் அவர் கனவு கண்ட சென் கிறிஸ்தோபர் இல்லம் இலண்டனில் திறக்கப்பெற்றது.

பரிவு கட்டியைக் கரைக்காது, உண்மையே. ஆயினும், கடுகடுத்த முகத்தைக் கண்டால் நோயாளி தம் நோவை மறைக்கின்றார். பிறருக்குத் தொல்லையாவோமோ என்று அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டு இரவைக் கழிக்கின்றார். கனிவோடு வினவும் தாதியிடம் உண்மை வெளிப்படுகின்றது. தாதி கூறுவதைக் கொண்டே வைத்தியர் மருந்தின் அளவைத் திருத்துகின்றார். நோவு தணிந்தால் உறக்கம் வரும், உணவு செல்லும், சிகிச்சையைத் தாங்கும் திடமும் பிறக்கும்.

இது தாதியர்க்கு மட்டும் உரிய பாடமன்று. மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ புற்றுநோயால் வாடும் உறவினரைக் காணச் செல்லும் நாம், தோடம்பழப் பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு, "ஒன்றுமில்லை, எல்லாம் சுகமாகும்" என்று அவர் வாயை அடைத்துவிடுகின்றோம். அவர் சொல்ல விழைவதோ வேறு. சற்றே அமர்ந்து செவிகொடுப்போமாக. அதற்குப் பொருட்செலவு யாதுமில்லை.