தேயாத டயருக்கும் வயதாகும்

பழைய காரை விலை பேச வருகிறவரும் சரி, பல வருடமாக வைத்திருப்பவரும் சரி, டயரைச் சோதிக்கும் விதம் ஒன்றுதான். குனிந்து, பள்ளத்தில் நகத்தை வைத்துப் பார்ப்பார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் நிம்மதி. சட்டமும் அந்தப் பார்வையையே பழக்கியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆம் விதி, கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. தினமும் ஓடும் வாடகைக் காருக்கு இந்த அளவுகோல் போதும். இரண்டு மூன்று வருடத்தில் டயர் தேய்ந்து மாறிவிடும். அதற்கு வயதாக நேரமே கிடைக்காது. பன்னிரண்டு, பதினைந்து வருடமான சொந்தக் காரின் நிலை வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது சொந்த ஊருக்கும் போய்வந்து, மற்ற நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும் கார் அது. அதன் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட காரில் பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டயர் பிறந்த வருடத்தைப் பார்க்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டியின் உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால், அடியில் குனிந்துதான் படிக்க வேண்டும். விற்கிறவர் யாரும் இதைத் தானாக எடுத்துச் சொல்வதில்லை.

வயது ஏன் பொருட்டாகிறது என்றால், ரப்பருக்கும் ஆக்சிஜனுக்கும் ஆகாது. உள்ளே அழுத்தி அடைத்த காற்று ரப்பரின் வழியாக மிக மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது. போகிற வழியில் ஆக்சிஜன் ரப்பரோடு வினைபுரிந்து அதன் நெகிழ்வைக் குறைத்து இறுக்குகிறது. எஃகுக் கம்பி அடுக்குகள் ரப்பரோடு ஒட்டியிருக்கும் ஓரங்கள் நாளடைவில் பலம் இழக்கின்றன. வெளிப்புறத்தை ஓசோனும் வெயிலும் தாக்குகின்றன. இதைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். நின்றே கிடக்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது வெளிப்படையான எச்சரிக்கை. உள் அடுக்குகள் பிரிவதோ கண்ணுக்குத் தெரியாது. நெடுஞ்சாலை வேகத்தில் மேற்பட்டை உரிந்து பறக்கும்போதுதான் தெரியும்.

வெப்பம் இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் விரைவாக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-இல் தன் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கைச் சேர்த்திருந்தது. அதன் வாடிக்கையாளர்களில் 27 சதவீதம் பேர்தான் டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய வெப்பமான ஐந்து மாநிலங்களில் இருந்தார்கள். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தன. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் கார் வைத்திருப்பவர்கள் தங்களை எந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. குளிர் நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்த இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்து ஒன்று, முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது, மூவர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது பத்தொன்பதரை. வயதுக்கு அப்போது விதியே இல்லாததால், வயதைக் காரணம் காட்டி யாரும் அதைக் கழற்றச் சொல்லியிருக்க முடியாது. இறந்த இளைஞர் ஒருவரின் தாயார் விடாமல் போராடிய பிறகு, 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைக் கடந்த டயர்களுக்கு அங்கே தடை வந்தது.

இதெல்லாம் டயர் விற்க உதவும் பேச்சு என்று ஒருவர் சொல்லலாம். அந்தச் சந்தேகம் நியாயமானது. பிரிட்டனின் தடையேகூடத் தனியார் கார்களுக்குக் கிடையாது. பால் பாக்கெட்டைப் போலக் குறிப்பிட்ட நாளில் டயர் கெடுவதும் இல்லை. நிழலில் நின்று, சரியான காற்றோடு ஓடிய ஏழு வயது டயர், காற்று குறைவாகவே ஓடிய நான்கு வயது டயரைவிட உறுதியாக இருக்கக்கூடும். ஆனால் உள்ளே எது உறுதி, எது இல்லை என்று வீட்டு வாசலில் நின்று சொல்ல வழியில்லையே! பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் சில, ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லி, பத்தை இறுதி எல்லையாக வைக்கின்றன. நம் வெயிலுக்கு ஆறின் பக்கம் சாய்வதே அறிவு.

இன்னொரு வாதம் இதைவிடப் பரவலானது: காரே சொற்ப விலைக்குத்தான் போகும், அதற்கு நான்கு புது டயரா? என் கணிப்பில் இந்த வாதம் தலைகீழானது. டயர் காப்பது காரின் மறுவிற்பனை விலையை அல்ல. இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-இல்தான். உற்பத்தி நின்று பத்து வருடத்துக்கு மேலான மாருதி 800 போன்ற கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அந்த மின்னணு உதவியோ, காற்றுப் பையோ இல்லை. மழைச் சாலையில் அந்தக் காரை நிறுத்த இருப்பது ஓட்டுநரின் காலும், தரையைத் தொடும் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரும்தான். புதுக் காரைவிடப் பழைய காருக்கே நல்ல டயர் அவசியம். அத்துடன் 800-இன் 145/70 ஆர்12 போன்ற சிறிய அளவுகள் விலையிலும் குறைந்தவை. ஒரே எச்சரிக்கை: அதிகம் கேட்பாரற்ற அளவு என்பதால் கடையில் தேங்கிய சரக்காக இருக்கலாம். காற்றும் பாரமும் இல்லாமல் நிழலில் இருந்த டயர் மெதுவாகவே மூப்படையும். ஒரு வருடப் பழசுக்குப் பயப்பட வேண்டாம், மூன்று நான்கு வருடப் பழசை வாங்க வேண்டாம். வருடமே தெரியாத செகண்ட் ஹேண்ட் டயரைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இடம்கொடுக்காவிட்டால், புதிய இரண்டு பின்னால் போக வேண்டும். முன்சக்கரம்தானே இழுக்கிறது, திருப்புகிறது என்று பலரும் புதியதை முன்னால் மாட்டச் சொல்வார்கள். ஈரத் தரையில் முன்பக்கம் பிடி இழந்தால் வண்டி நேராகச் சறுக்கும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீளும். பின்பக்கம் பிடி இழந்தால் வண்டியே சுழலும். அதைச் சமாளிக்கும் பயிற்சி நம்மில் யாருக்கும் இல்லை. ஆனால் பழைய டயரை முன்னால் விட்டால் அது வெடிக்காதா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். வெடிக்கும் வயதிலுள்ள டயர் எந்தச் சக்கரத்திலும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கில் ஸ்டெப்னியும் சேரும். ஒரு முறைகூடத் தரை தொடாமல், கார் வாங்கிய நாளிலிருந்து டிக்கிச் சூட்டில் கிடக்கும் டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். அதை நான்காவது சக்கரமாக மாட்டி ஒரு டயர் காசை மிச்சப்படுத்தலாம் என்று கடையில் யாராவது சொன்னால், முதலில் அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.