வெண்புரை மறைத்தாலும் கண்மணி சுருங்கும்

“வெண்புரைதானே, நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்.” மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில் வயோதிபர் இருக்கும் வீடுகளில் இப்படிச் சொல்லிக் காலம் கடத்துவதுண்டு. பார்வை மங்குவதற்கெல்லாம் வெண்புரைதான் காரணமா?

கண் கிளினிக்கில் வைத்தியர் சிறு டோர்ச் வெளிச்சத்தை இரு கண்களிலும் மாறி மாறிப் பிடிப்பதைக் கண்டிருப்பீர்கள். 1959இல் லெவாற்றின் என்ற வைத்தியர் விவரித்த சோதனை இது. ஒரு கண்ணில் விழும் ஒளியைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டுசெல்ல, மூளை இரண்டு கண்மணிகளையும் ஒன்றாகச் சுருக்குகிறது. நரம்பு பழுதடைந்த கண்ணுக்கு வெளிச்சம் மாறும்போது, கண்மணிகள் சுருங்காமல் விரிகின்றன.

வெண்புரை அப்படியல்ல. அது கண்ணின் வில்லை மங்குவது. மங்கல் கண்ணாடி போட்ட யன்னலால் வெளியே நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் அறைக்குள் வெளிச்சம் வரும். அதுபோல, புரை தடித்திருந்தாலும் கண்மணி ஒளிக்குச் சுருங்கும். சுருங்க வேண்டிய நேரத்தில் விரிந்தால் பழியைப் புரைமேல் போட முடியாது. கண் அழுத்த நோயான குளுக்கோமாவோ, விழித்திரை நோயோ புரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அவ்வாறாயின் புரையை அகற்றினாலும் எதிர்பார்த்த பார்வை கிடைக்காது. குளுக்கோமாவால் இழந்த பார்வை மீளாது, மிஞ்சியதைத்தான் காக்கலாம். “முற்றட்டும்” என்று காத்திருப்பதன் ஆபத்து இதுவே.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. இரு கண்களின் நரம்பும் ஒரே அளவில் கெட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. பழைய காயம், அழற்சி காரணமாகவும் கண்மணி அசையாதிருக்கலாம். எனவே கண் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். கண்மணியை விரிக்கும் துளிமருந்து விடுமுன்பே டோர்ச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கடற்றொழிலாளர் கூடுதல் கவனம் எடுப்பது நல்லது. அமெரிக்காவின் மேரிலாந்தில் கடலில் தொழில் செய்யும் 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான அறிக்கை, வெயிலின் புறஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகை வெண்புரை கூடுதலாக வருவதைக் காட்டியது. விளிம்புள்ள தொப்பியும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் பாதுகாப்புத் தரும்.

வைத்தியரிடம் செல்லும்போது நீரிழிவு, முன்பு பட்ட காயம், குடும்பத்தில் குளுக்கோமா, பாவிக்கும் மருந்துகள் ஆகியவற்றை மறக்காமல் சொல்லுங்கள். “பார்வை நரம்பு நலமாக உள்ளதா?” என்றும் கேளுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.