சின்னக் கம்பெனியில் சேரலாமா?

டிப்ளமா முடித்ததும் எல்லோருக்கும் பெரிய ஆலையில் இடம் கிடைத்துவிடாது. ஏழெட்டுப் பேரோடு புதிதாகத் தொடங்கிய கம்பெனிதான் பலருக்கு முதல் வேலை தரும். அங்கே வேலை எப்படி இருக்கும்?

பெரிய ஆலையில் ஆளுக்கொரு வேலை. லேத்தில் நின்றால் லேத்தோடு சரி. சின்னக் கம்பெனியில் காலையில் டிராயிங், மத்தியானம் மெஷின், சாயங்காலம் சரக்கைக் கட்டி டெலிவரி சலான் எழுதணும். "இது என் வேலையில்லை சார்"னு சொல்ல முடியாது. அதனாலேயே ஒரு தொழில் முழுசும் கைக்கு வந்துவிடும். முதலாளி பக்கத்திலேயே நிற்பதால் சந்தேகத்தையும் உடனே கேட்டுக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரணும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பல பார்ட்டிகள் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். கரண்ட் பில்லும் இரும்புக் கடைக்காரரும் காத்திருக்க மாட்டார்கள். நம் சம்பளம்தான் தள்ளிப்போகும்.

இ.எஸ்.ஐ. பொதுவாக 10 பேர், பி.எஃப். 20 பேர் இருந்தால்தான் கட்டாயம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு முதலாளியின் பொறுப்பு.

ஆகவே சேரும் முன்பே சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வோம். நம் முதல் சம்பளத்தை நம்பி வீட்டில் காத்திருக்கிறார்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? தொழிலையும் கற்போம், கூலியையும் கேட்டு வாங்குவோம்!